சின்ன காரை மூன்று பேர் சேர்ந்து செய்தது ஏன்?

"பியூஜோ 107, சிட்ரோயன் சி1, டொயோட்டா அய்கோ எல்லாம் ஒரே கார்தான். பேட்ஜை மட்டும் மாற்றி ஒட்டி விற்கிறார்கள்." ஐரோப்பாவின் சின்ன கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். வாங்குகிறவரை ஏமாற்றுகிறார்கள் என்ற தொனியும் அதில் இருக்கும். இன்னொருவர், "டொயோட்டா செய்த காரை பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிப் பெயர் மாற்றிக்கொண்டார்கள்" என்பார். மூன்றாமவர், "பிளாட்ஃபார்ம் ஒன்று, மற்றதெல்லாம் வேறு" என்று முடித்துவிடுவார்.

இவை மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்வதுபோல் தோன்றினாலும் மூன்றும் வேறு வேறு. பேட்ஜ் மாற்றுவது ஒன்று, காரின் அடித்தளமான பிளாட்ஃபார்மைப் பகிர்வது ஒன்று, கூட்டாகச் சேர்ந்து காரை உருவாக்குவது ஒன்று. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் அந்தச் சின்ன கார் எப்படி அந்த விலைக்குக் கிடைத்தது என்பதும், பிறகு ஏன் காணாமல் போனது என்பதும் பலருக்குப் புரியாமலே போகிறது. செக் குடியரசின் கொலீன் நகரில் இந்த மூன்று காரும் பிறந்த கதையை வைத்தே இதைப் பார்க்கலாம். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சின்ன கார் என்றால் செலவும் சின்னதா?

ஐரோப்பாவில் கார்களை நீளத்தையும் விலையையும் ஒட்டிப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமுள்ள மிகச் சிறிய கார்கள் 'ஏ பிரிவு'. நெரிசலான நகரங்களுக்காகச் செய்யப்படுவதால் இவற்றுக்கு 'சிட்டி கார்' என்றும் பெயர்.

சின்ன கார் மலிவு என்றதும் நம் மனம் உடனே ஒரு காரணம் சொல்கிறது: இரும்பு குறைவு, அதனால் விலை குறைவு. இந்தக் காரணம் முழுப் பொய் இல்லை என்றாலும் மிகச் சிறிய பகுதிதான். நடுத்தரக் காரைவிட முந்நூறு கிலோ எடையைக் குறைத்தாலும் இரும்பில் மிச்சமாவது சில நூறு யூரோதான். மற்றபடி சின்ன காருக்கும் ஸ்டீயரிங் வேண்டும், நான்கு பிரேக் வேண்டும், ஏர்பேக் வேண்டும். மோதல் சோதனையில் அதுவும் தேற வேண்டும். சொல்லப்போனால் அந்தச் சோதனை சின்ன காருக்குத்தான் கடினம். மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முன்பக்கத்தில் இருக்கும் இடமே கொஞ்சம். ஆக, பொறியாளர்களின் வேலை குறைவதில்லை.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? அதற்கு இரண்டு வகைச் செலவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அண்ணன் தம்பி மூன்று பேர் பக்கத்துப் பக்கத்து மனைகளில் வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் தனித்தனி இன்ஜினியரைப் பிடித்தால் பிளான் போட மூன்று முறை கூலி, சென்ட்ரிங் பலகைக்கு மூன்று முறை செலவு. ஒரே பிளான், ஒரே இன்ஜினியர், அதே பலகைகள் என்று பேசி முடித்தால் அந்தச் செலவு மூன்றாகப் பிரிந்துவிடும். செங்கலும் சிமெண்டும் அப்படிப் பிரியாது, அவரவர் வீட்டுக்கு அவரவர் வாங்கித்தான் ஆகவேண்டும். தெருவிலிருந்து பார்க்கும் எலிவேஷனை மட்டும் ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொள்ளலாம்.

பிளானும் பலகையும் 'நிலைச்செலவு': எத்தனை செய்தாலும் ஒரே முறை ஆகும் செலவு. செங்கலும் சிமெண்டும் 'மாறும் செலவு': ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆகும் செலவு. காரில் நிலைச்செலவு என்பது வடிவமைப்பு, சோதனைகள், ஆலை, அப்புறம் டைகள். 'டை' என்பது தகட்டை அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் உருவாக்கும் பெரிய எஃகு அச்சு. ஒரு காருக்கு இப்படிப் பல டைகள் வேண்டும். ஆயிரம் கதவு அடித்தாலும் பத்து லட்சம் அடித்தாலும் டையின் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது ஒரு கணக்கு. நிலைச்செலவு மொத்தம் நூறு கோடி யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் தனியாக ஆண்டுக்கு 1 லட்சம் கார் செய்து ஒன்பது ஆண்டு விற்றால் மொத்தம் 9 லட்சம் கார். ஒவ்வொரு காரின் தலையிலும் விழும் நிலைச்செலவு சுமார் 1,110 யூரோ. மூன்று பெயரில் ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் ஒன்பது ஆண்டில் 27 லட்சம் கார். தலைக்குச் சுமார் 370 யூரோ. வித்தியாசம் 740 யூரோ. 40 ஆயிரம் யூரோ காரில் இது பெரிதாகத் தெரியாது. எட்டாயிரம், ஒன்பதாயிரம் யூரோ வாக்கில் விற்க வேண்டிய காரில் லாபமா நட்டமா என்பதையே இது தீர்மானித்துவிடும்.

சுருக்கமாக: சின்ன காரின் மலிவு அதன் அளவில் இருந்து வருவது கொஞ்சம்தான். நிலைச்செலவை எத்தனை கார்களின் மேல் பரப்ப முடிகிறது என்பதுதான் பெரிய பங்கு.

பிளாட்ஃபார்ம் என்றால் அடித்தட்டு மட்டும் அல்ல

பிளாட்ஃபார்ம் என்றதும் காரின் அடியில் இருக்கும் தகட்டை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத முக்கிய முடிவுகள் எல்லாம் சேர்ந்ததே பிளாட்ஃபார்ம்: தரைப்பகுதி, சக்கரங்கள் பொருந்தும் இடங்கள், சஸ்பென்ஷன், இன்ஜின் உட்காரும் கூடு, மோதலைத் தாங்கும் சட்டகம், ஓட்டுநர் உட்காரும் நிலை. செலவும் காலமும் அதிகம் விழுங்கும் பகுதி இதுதான். அதனால்தான் பகிர்ந்துகொள்ள முதலில் தேடுவதும் இதையே.

பகிர்தலில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி பேட்ஜ் மாற்றம். ஒரு நிறுவனம் ஏற்கெனவே உருவாக்கி விற்றுக்கொண்டிருக்கும் காரை இன்னொரு நிறுவனம் வாங்கி, கிரில்லையும் சின்னத்தையும் மாற்றித் தன் பெயரில் விற்பது. இந்தியச் சாலைகளிலேயே இதற்கு எடுத்துக்காட்டு ஓடுகிறது: மாருதி பலேனோதான் 2019-இல் டொயோட்டா கிளான்சா ஆனது.

இரண்டாம் படியில் பிளாட்ஃபார்ம் மட்டும் பொது, உடல் வேறு. போலந்தின் டிஹி நகரில் உள்ள ஃபியட் ஆலையில் இது அழகாக நடந்தது. 2003-இல் வந்த ஃபியட் பாண்டாவின் பிளாட்ஃபார்ம் மீது 2007-இல் ஃபியட் 500 எழுந்தது. அடுத்த ஆண்டு அதே அடித்தளத்தில், அதே ஆலையில் ஃபோர்டு கா வந்தது. மூன்றையும் பக்கத்தில் நிறுத்தினால் உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாம் படி கூட்டு உருவாக்கம். கார் பிறப்பதற்கு முன்பே நிறுவனங்கள் உட்கார்ந்து பேசி, பணம் போட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு காரை வரைவது. கொலீன் கார்கள் இந்த வகை. அவை வெளியே பார்க்க முதல் படியைப் போல இருப்பதால்தான் குழப்பமே வருகிறது.

கொலீனில் நடந்தது

2001 ஜூலையில் டொயோட்டாவும் பிஎஸ்ஏ குழுமமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பியூஜோவையும் சிட்ரோயனையும் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக் குழுமம்தான் பிஎஸ்ஏ. திருவள்ளூரில் கார் செய்கிறதே, அதே சிட்ரோயன். இரண்டும் சரிபாதிப் பங்கு போட்டு டிபிசிஏ என்ற கூட்டு நிறுவனத்தை 2002-இல் தொடங்கின. டொயோட்டா, பியூஜோ, சிட்ரோயன் பெயர்களின் முதலெழுத்துகளோடு ஆட்டோமொபைலின் 'ஏ' சேர்ந்தது அந்தப் பெயர்.

இருவருக்கும் தேவை இருந்தது. பிஎஸ்ஏவின் பழைய சின்ன கார்களான பியூஜோ 106-ம் சிட்ரோயன் சாக்ஸோவும் 2003 வாக்கில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றின் இடத்தில், முதல் கார் வாங்குபவர்களை உள்ளே இழுக்க ஒரு மலிவுக் கார் வேண்டும். டொயோட்டாவுக்கோ ஐரோப்பியச் சந்தையில் வேர்விட வேண்டும். ஐரோப்பிய உதிரிபாகத் தயாரிப்பாளர்களை நன்றாக அறிந்த ஒரு கூட்டாளி அதற்குத் தேவை.

வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் தெளிவானது. காரை வடிவமைப்பதும் ஆலையை நடத்துவதும் டொயோட்டாவின் பொறுப்பு. உதிரிபாகங்களை யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்பது பிஎஸ்ஏவின் பொறுப்பு. "டொயோட்டா செய்த காரை பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்" என்பது பாதி உண்மையாக இருப்பது இதனால்தான். பொறியியலில் டொயோட்டாவின் கை ஓங்கியிருந்தது. மலிவுக் காரில் கொள்முதல் என்பது சின்ன வேலை இல்லை. ஒவ்வொரு பாகத்திலும் சில சென்ட் குறைப்பவர்தான் அந்தக் காரை அந்த விலைக்குச் சாத்தியமாக்குகிறார். அந்த வேலையைப் பிரெஞ்சுக்காரர்கள் செய்தார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயம் இல்லை.

இடம் கொலீன். பிராகாவிலிருந்து கிழக்கே 60 கிலோமீட்டர் வாக்கில் லாபே ஆற்றங்கரையில் உள்ள ஊர். செக் குடியரசு 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மேற்கு ஐரோப்பாவைவிடக் கூலி குறைவு, நெடுநாளைய கார்த் தொழில் அனுபவம், பக்கத்திலேயே ஜெர்மனி. ஆலையின் திறன் ஆண்டுக்கு 3 லட்சம் கார்: ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லட்சம் என்ற கணக்கு. 2005 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கியது. மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மூன்று கார்களும் ஒன்றாக அறிமுகமாயின.

சுருக்கமாக: கொலீனில் நடந்தது வெறும் பேட்ஜ் மாற்றம் இல்லை. போட்டியாளர்கள் இருவர் நிலைச்செலவைப் பங்கு போட்டு, மூன்று பெயர்களுக்காக ஒரே காரைப் பிறக்கும்போதே பொதுவாக வரைந்தார்கள்.

எங்கே எல்லாம் மிச்சம் பிடித்தார்கள்

எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த பகுதி இது. நிலைச்செலவைப் பங்கு போட்ட பிறகும் மாறும் செலவு அப்படியே நிற்கிறது. அதையும் குறைக்க என்னவெல்லாம் செய்தார்கள் என்று காரைச் சுற்றிவந்தாலே தெரியும்.

பின்பக்கம் போங்கள். மற்ற கார்களில் டிக்கிக் கதவு என்பது தகடு, அதற்குள் கண்ணாடி, நடுவே பொருத்துகள். இதில் கதவே ஒரு கண்ணாடித் துண்டுதான். கீல் ஒருபக்கம், பூட்டு மறுபக்கம். ஒரு தகட்டுக் கதவுக்கு வேண்டிய டை, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் மிச்சம். பதிலுக்குச் சாமானைக் கொஞ்சம் உயரத் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

பின் ஜன்னல்கள் கீழே இறங்காது, கதவைப்போல வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திறக்கும். ஏற்றி இறக்கும் பொறியே தேவையில்லை. முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். முன் இருக்கையில் தலைசாய்ப்பான் தனியாக இல்லை, இருக்கையோடு ஒட்டியே வரும். கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் முழுதாக மூடாது, பெயிண்ட் அடித்த தகடு அப்படியே தெரியும். பவர் விண்டோ உள்ள வகைகளிலும் பக்கத்து இருக்கை ஜன்னலுக்கான சுவிட்ச் அந்தப் பக்கத்துக் கதவில் மட்டும்தான். ஓட்டுநர் அதை இறக்க வேண்டுமானால் கையை எட்டி நீட்ட வேண்டும். ஒரு சுவிட்ச்சும் கொஞ்சம் ஒயரும் மிச்சம். இதை 27 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள்.

பெட்ரோல் இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். டொயோட்டாவின் சின்ன கார்ப் பிரிவான டைஹாட்சுவின் கைவண்ணம் அதில் உண்டு. கார் 800 கிலோ வாக்கில் எடை என்பதால் அந்தச் சக்தியே நகரத்துக்குத் தாராளம். 1.4 லிட்டர் டீசல் இன்ஜினை பிஎஸ்ஏ கொடுத்தது. இவ்வளவு சின்ன காரில் டீசலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகவில்லை. பிறகு அது கைவிடப்பட்டது.

சரி, மூன்றுக்கும் வித்தியாசம் என்ன? முன் பம்பர், கிரில், முகப்பு விளக்கு, பின் விளக்கு, இருக்கைத் துணி, விற்கும் கடை, கடைக்காரர் தரும் உத்தரவாதம். டாஷ்போர்டு ஒன்றேதான். ஐரோப்பாவில் பழைய கார் தேடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கிளட்ச், பிரேக் போன்ற இயந்திர பாகங்கள் பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும். ஒரே ஆண்டு, ஒரே கிலோமீட்டர் ஓடிய மூன்றையும் பார்த்துவிட்டு, எது நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறதோ அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

பங்கு போட்டால் பழியும் பங்கு

பகிர்தலுக்கு இன்னொரு முகம் உண்டு. 2010 ஜனவரியில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளலாம் என்ற பிரச்சினைக்காக டொயோட்டா ஐரோப்பாவில் பல மாடல்களைத் திரும்ப அழைத்தது. அந்தப் பட்டியலில் அய்கோவும் இருந்தது. கொலீனில் பூட்டிய பெடல் மூன்று காருக்கும் ஒன்றே என்பதால் பிஎஸ்ஏவும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான 107, சி1 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. முகப்பில் எந்தச் சின்னம் இருந்தாலும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பாதுகாப்பு மதிப்பீடும் அப்படித்தான். யூரோ என்கேப் என்பது ஐரோப்பாவில் புதிய கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு. 2005-இல் இந்தக் கார்கள் நான்கு நட்சத்திரம் பெற்றன. 2012-இல் மறுபடி சோதித்தபோது மூன்றுதான். கார் மோசமாகிவிட்டது என்று பலர் எழுதினார்கள். அது சரியான புரிதல் இல்லை. நடுவில் சோதனையின் விதிகள் கடினமாகிவிட்டன, காரின் அடித்தளம் அதே 2005-ஆம் ஆண்டுடையது. நிலைச்செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்புவதால் வரும் விலை இது: கார் மலிவாக இருக்கும், கூடவே வயதும் ஆகும்.

இரண்டாம் சுற்று

2014-இல் புதிய தலைமுறை வந்தது: சி1, அய்கோ பெயர்கள் தொடர்ந்தன, 107 மட்டும் 108 ஆனது. இந்த முறை முகங்களை நன்றாகவே பிரித்தார்கள். அய்கோவின் முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய எக்ஸ் வடிவம், சி1-க்கு உருண்டை விளக்குகள், 108 கொஞ்சம் நாகரிகமான தோற்றத்தில். அடியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே அதே 2.34 மீட்டர். பிரெஞ்சுக் கார்களில் மட்டும் பிஎஸ்ஏவின் 1.2 லிட்டர் இன்ஜினும் கிடைத்தது.

கூட்டு ஏன் முடிந்தது

2018 இறுதியில், கொலீன் ஆலையை டொயோட்டா முழுவதுமாக வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில் பிஎஸ்ஏ செய்யும் வேன்களை டொயோட்டா தன் பெயரில் விற்பது தொடர்ந்தது. பிரிவுக்குக் காரணம் முதலில் பார்த்த அதே கணக்கில் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடுக்குச் சராசரி வரம்பு வைத்திருக்கிறது. 2020-21-இல் அந்த வரம்பு கிலோமீட்டருக்கு 95 கிராம் ஆனது. மிஞ்சினால் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். சின்ன கார் புகை குறைவாகத்தானே விடும் என்று தோன்றும். அப்போது வரம்பு எடையைப் பொறுத்தது. எடை குறைந்த கார்களை விற்பவருக்கு வரம்பும் இறுகும். எனவே சின்ன காருக்கும் ஹைப்ரிட் போன்ற விலை கூடிய தொழில்நுட்பம் தேவைப்பட்டது.

பாதுகாப்பு விதிகளும் கூடவே வந்தன. 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்குத் தானியங்கி அவசர பிரேக், தடம் மாறாமல் காக்கும் அமைப்பு, வேக எச்சரிக்கை எல்லாம் கட்டாயம். இவற்றுக்கு வேண்டிய கேமராவும் ரேடாரும் உயிர் காப்பவை, வந்தே தீர வேண்டியவை. அவை மாறும் செலவு என்பதுதான் சிக்கல்: ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். பெரிய காருக்கு ஆகும் அதே விலை சின்ன காருக்கும் ஆகும். மூன்று பேர் என்ன, முப்பது பேர் சேர்ந்தாலும் அந்தச் செலவைப் பங்கு போட முடியாது. பகிர்தல் என்ற மருந்து நிலைச்செலவுக்கு மட்டுமே வேலை செய்யும்.

108-ம் சி1-ம் 2021-22 வாக்கில் வாரிசு இல்லாமல் நின்றன. மற்றவர்களுக்கும் இதே நிலைமைதான். ஃபோக்ஸ்வாகன் தன் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே அப், ஸ்கோடா சிட்டிகோ, சீட் மீ என்று மூன்று பெயரில் பிராட்டிஸ்லாவாவில் 2011 முதல் செய்துவந்த சின்ன கார்களில் கடைசியாக மிஞ்சிய அப்பும் 2023-இல் முடிந்தது.

கொலீனில் டொயோட்டா வேறு வழியில் போனது. ஆலையில் 2021 நவம்பரில் யாரிஸ் உற்பத்தி தொடங்கியது. அதைவிடச் சின்னதான அய்கோ எக்ஸ் 2022-இல் சேர்ந்தது. யாரிஸும் யாரிஸ் கிராஸும் நிற்கும் அதே பிளாட்ஃபார்மில்தான் இதுவும் நிற்கிறது. வெளியாளோடு செய்த பகிர்தலை டொயோட்டா இப்போது தன் வீட்டுக்குள்ளேயே செய்கிறது. பெரிய காருக்கென வரைந்த அடித்தளம் என்பதால் அய்கோ எக்ஸ் வந்தபோதே அதன் நீளம் 3.70 மீட்டர் ஆகிவிட்டது. அறிமுகமானபோது ஜெர்மனியில் அதன் தொடக்க விலை 15 ஆயிரம் யூரோவுக்கு மேல்.